வாட்ஸ்அப் மக்கர் செய்கிறதா? அழிப்பதற்கு முன் படிக்க வேண்டிய கேள்வி பதில்கள்

செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். டிஸ்ப்ளே உடைந்து வருகிறவர்களைவிட, "தம்பி, வாட்ஸ்அப் வரமாட்டேங்குது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். இதற்குக் காசு கேட்கவும் மனசு வராது, பார்க்காமல் அனுப்பவும் முடியாது. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலானோர் போனில் மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால் மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஐபோனில் இடம் கொஞ்சம் மாறும். விஷயம் ஒன்றுதான்.

வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே ஆரம்பித்தேன். தயவுசெய்து முதலில் அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் மெசேஜ்கள் வாட்ஸ்அப் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மெசேஜ் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்ததும் சர்வரிலிருந்து போய்விடும். அதன்பிறகு அது இருப்பது உங்கள் போனிலும் அனுப்பியவர் போனிலும்தான். பேக்கப் எடுத்திருந்தால் அங்கே ஒரு பிரதி இருக்கும். பேக்கப் இல்லாமல் ஆப்பை அழித்தால் வீட்டுப் பத்திரத்தை அடுப்பில் போட்டது மாதிரி.

என் கடைக்கு ஒரு பூ வியாபாரி வருவார். மல்லி எத்தனை கிலோ, யாருக்கு, பாக்கி எவ்வளவு என்று எல்லாவற்றையும் தன் மனைவிக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பி வைப்பது அவர் பழக்கம். அதுதான் அவருடைய கணக்கு நோட்டு. ஒருநாள் நோட்டிஃபிகேஷன் சத்தம் வரவில்லை என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்திருக்கிறார். அவர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக் கொடுத்தார். சத்தம் வந்துவிட்டது. நாலு மாதக் கணக்கு போய்விட்டது. மனைவியின் போனில் இருந்ததால் பாதி தப்பித்தது. அந்தம்மா அவ்வப்போது 'க்ளியர் சாட்' கொடுப்பவர், அதனால் மீதி பாதி இல்லை. சத்தம் வராததற்குக் காரணம், போன் சைலன்ட்டில் இருந்தது.

'க்ளியர் கேஷ்', 'க்ளியர் டேட்டா' இரண்டும் ஒன்றா?

இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டனையும் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். 'க்ளியர் கேஷ்' கொடுத்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும், மெசேஜுக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாகக் கொடுக்கலாம். 'க்ளியர் டேட்டா' அல்லது 'க்ளியர் ஸ்டோரேஜ்' கொடுத்தால் ஆப்பை அழித்த கதைதான். மறுபடி நம்பர் போட்டு உள்ளே வர வேண்டியிருக்கும்.

மெசேஜ் பக்கத்தில் கடிகாரப் படம் வந்து அப்படியே நிற்கிறது. போகவே மாட்டேன் என்கிறது.

கடிகாரம் என்றால் மெசேஜ் இன்னும் உங்கள் போனைவிட்டே கிளம்பவில்லை என்று பொருள். முதலில் பிரௌசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் குற்றவாளி வாட்ஸ்அப் இல்லை, நெட். ஏரோப்ளேன் மோடைப் போட்டுப் பத்து வினாடி கழித்து எடுங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

எழுத்து மெசேஜ் போகிறது, போட்டோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று ரீசார்ஜ் செய்கிறோம் அல்லவா, அது முடிந்ததும் நெட் அடியோடு நிற்காது, 64 கேபிபிஎஸ் என்கிற ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும். 'வணக்கம்' போகும், கல்யாண வீடியோ போகாது. பையன் ராத்திரி ஹாட்ஸ்பாட் வாங்கி கிரிக்கெட் பார்த்தானா என்று விசாரியுங்கள்.

மற்ற ஆப்கள் எல்லாம் ஓடுகின்றன, வாட்ஸ்அப் மட்டும் நிற்கிறது என்றால் போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், மொபைல் டேட்டா என்று போய் டேட்டா அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்துத் திறந்தும் பார்க்கலாம். அதனால் மெசேஜ் எதுவும் அழியாது. ஏதாவது விபிஎன் ஆப் (நெட்டை வேறு வழியாகச் சுற்றிவிடும் ஆப்) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

அபூர்வமாக வாட்ஸ்அப்பே படுத்துவிடுவதும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் நின்றன. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள் மதியம், வாட்ஸ்அப் இரண்டு மணி நேரம் போல நின்றது. அந்த இரண்டு நாளும் அவசரப்பட்டு ஆப்பை அழித்தவர்கள், சர்வர் திரும்பிய பிறகும் உள்ளே போக முடியாமல் திண்டாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்று நாளாக ஒரே டிக்தான். என்னை பிளாக் செய்துவிட்டாரா?

ஒரு சாம்பல் டிக் என்றால் சர்வருக்குப் போய்விட்டது, அவர் போனுக்குப் போகவில்லை. இரண்டு டிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. நீலமானால் பார்த்துவிட்டார். இவ்வளவுதான் டிக் சொல்லும்.

அவர் போன் அணைந்திருக்கலாம், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், போனே தொலைந்திருக்கலாம். பிளாக் செய்திருந்தால் ஒரே டிக்கோடு, அவர் கடைசியாக வந்த நேரம் தெரியாது, புரொஃபைல் படம் தெரியாது, வாட்ஸ்அப் கால் போய்ச் சேராது. ஆனால் கடைசி நேரத்தையும் படத்தையும் மறைத்து வைக்கத் தனி வசதி இருப்பதால் இவற்றை வைத்தும் அடித்துச் சொல்ல முடியாது. வேண்டுமென்றேதான் அப்படிக் குழப்பமாக வைத்திருக்கிறார்கள், பிளாக் செய்தவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. சாதாரண கால் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம். போய்ச் சேராத மெசேஜ் சர்வரில் 30 நாள் காத்திருக்கும், அதற்குள் அவர் நெட்டைப் போடவில்லை என்றால் போய்விடும்.

படித்துப் பதிலும் போட்டுவிட்டார், நீல டிக் மட்டும் வரவில்லை என்றால் இரண்டு பேரில் ஒருவர் 'ரீட் ரிசீப்ட்ஸ்' அணைத்து வைத்திருக்கிறார். சண்டை போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஆப்பைத் திறந்தால்தான் மெசேஜ்கள் மொத்தமாக வந்து கொட்டுகின்றன. மூடியிருந்தால் ஒன்றும் வருவதில்லை.

கடையில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். காரணம் வாட்ஸ்அப் இல்லை, உங்கள் போனின் சிக்கனம். பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக, பின்னணியில் ஓடும் ஆப்களை ஆண்ட்ராய்டு போன்கள் தானாகவே தூங்க வைக்கின்றன. விலை குறைந்த மாடல்களில் இந்தக் கெடுபிடி ஜாஸ்தி.

செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போங்கள். 'ஆப்டிமைஸ்டு' அல்லது 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருப்பதை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரிஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று மாற்றுங்கள். சில போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் போனை அணைத்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் நீங்களே ஒருமுறை ஆப்பைத் திறக்கும்வரை அது விழிக்காது. அப்புறம் 'பேட்டரி சேவர்' எப்போதும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். போனை வேகமாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு 'க்ளீனர்', 'பூஸ்டர்' ஆப் எதையாவது ஏற்றியிருந்தால் அதை முதலில் தூக்குங்கள். இந்த ஒன்றை மட்டும் தாராளமாக அழிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஒருவரிடமிருந்து மட்டும் சத்தம் வரவில்லை என்றால் அவரை 'ம்யூட்' செய்திருப்பீர்கள், அல்லது அந்த சாட் 'ஆர்க்கைவ்ட்' பகுதிக்குப் போயிருக்கும். அங்கே போன சாட் புது மெசேஜ் வந்தாலும் மேலே வராது. விரல் தெரியாமல் பட்டு அங்கே போன மாமியார்கள் எத்தனையோ பேர்.

'போனின் தேதி தவறு' என்று சொல்லி ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது.

அது சொல்வது உண்மைதான், தேதி தவறு. பேட்டரி முழுக்க இறங்கிப் பல நாள் கிடந்த பழைய போன்களில் தேதி பின்னால் போய்விடும். 'டேட் அண்ட் டைம்' பகுதியில் தானியங்கி நேரத்தை ஆன் செய்யுங்கள், முடிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதற்காகப் புதுப் போன் வாங்கவே வந்தார். அரை நிமிஷத்தில் சரியாகிவிட்டது, அவருக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வரவில்லை.

நம்பருக்கு முன்னால் 0 போட்டீர்களா? நாடு இந்தியா என்று இருக்கிறதா? சிம் எந்தப் போனில் இருக்கிறது? பழைய பட்டன் போனில் சிம் இருந்தாலும் பரவாயில்லை, எண் அங்கே வரும், பார்த்து இங்கே அடிக்கலாம். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் எப்போது முடிந்தது என்பதுதான் முக்கியம். வேலிடிட்டி முடிந்து நாளானால் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும், பிறகு சிம்மே செத்துவிடும். வீட்டில் வைஃபை இருக்கிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, எதற்கு ரீசார்ஜ் என்று விட்டவர்கள் போன் மாற்றும்போது இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எஸ்எம்எஸ் வராவிட்டால் கடிகாரம் ஓடி முடிந்தபின் 'கால் மீ' என்று வரும், அதைத் தொடுங்கள், இயந்திரக் குரல் எண்ணைச் சொல்லும். பொறுமையில்லாமல் 'ரீசென்ட்' கொடுத்துக்கொண்டே இருந்தால் காத்திருக்கும் நேரம் நிமிஷத்திலிருந்து மணிக்கணக்காக நீளும்.

புது சிம் வாங்கினேன். வாட்ஸ்அப் போட்டால் யாரோ ஒருவருடைய படமும் குரூப்பும் வருகின்றன.

அந்த நம்பர் முன்பு வேறு ஒருவரிடம் இருந்தது. கைவிட்ட நம்பர்களைக் கம்பெனிகள் கொஞ்ச காலம் கழித்து மறுபடி விற்கின்றன. குரூப்களிலிருந்து நீங்களே வெளியேறிவிடலாம். அவருடைய பழைய மெசேஜ்கள் உங்களுக்கு வராது. இதே விஷயத்தை மறுபக்கமிருந்து யோசித்துப் பாருங்கள்: நீங்கள் கைவிட்ட நம்பரிலும் நாளை ஒருவர் வருவார். நம்பர் மாற்றும்போது அக்கவுண்ட் பகுதியில் இருக்கும் 'சேஞ்ச் நம்பர்' வழியாக மாறினால் குரூப், சாட் எல்லாம் புது நம்பருக்கு வந்துவிடும், பழையதில் எதுவும் மிஞ்சாது. அப்படியே பேங்கிலும் நம்பரை மாற்றிவிடுங்கள்.

வாய்ஸ் மெசேஜைப் போட்டால் ஸ்கிரீன் கறுப்பாகிவிடுகிறது, சத்தமும் கேட்கவில்லை.

போனைக் காதில் வைத்திருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. மேலே காதுவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. அதை எது மறைத்தாலும், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு காது வைக்கும் இடத்தில் மெதுவாகச் சத்தம் விடும். ஒட்டிய டெம்பர்டு கிளாஸ், அதற்குள் புகுந்த மாவு, விபூதி, வியர்வை, எல்லாமே மறைக்கும். துடைத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் கண்ணாடியை மாற்றுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: மகனுடைய ப்ளூடூத் இயர்போன் பக்கத்து அறையில் உங்கள் போனோடு சேர்ந்துகொண்டு, உங்கள் அக்கா பேசுவது அவன் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

நீங்கள் அனுப்புவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் மைக் அனுமதியைப் பாருங்கள். பிறகு போனின் அடியில் இருக்கும் சின்னத் துளையை. கவர் மாற்றியபின் வந்த கோளாறு என்றால் கவர்தான் துளையை மூடியிருக்கிறது.

வந்த போட்டோ கேலரியில் இல்லை. சில போட்டோக்கள் திறக்கவும் இல்லை.

இரண்டும் வேறு வேறு. கேலரியில் மட்டும் காணோம் என்றால் சாட்ஸ் செட்டிங்ஸில் 'மீடியா விசிபிலிட்டி' அணைந்திருக்கிறது, ஆன் செய்யுங்கள். திறக்கவே இல்லை, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தால், டவுன்லோட் செய்யாமல் நாள் கடத்திவிட்டீர்கள், சர்வரில் இப்போது இல்லை. அல்லது இடம் பிடிக்கிறது என்று கேலரியிலிருந்து நீங்களே அழித்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் சாட்டில் தெரிவதும் கேலரியில் தெரிவதும் ஒரே கோப்புதான். அங்கே அழித்தால் இங்கேயும் போகும்.

ஸ்டோரேஜ் ஃபுல் என்கிறது. எதை அழிப்பது?

செட்டிங்ஸ், 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. அங்கே 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் பிரித்துக் காட்டும். ஃபார்வர்டு பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், அதில் குடும்பப் படம் இருக்க வாய்ப்புக் குறைவு. தாமரைப் பூவும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்துமாகப் படம் அனுப்பும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவு என்றால், கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பில் அவற்றைத் தேடிப் பிடித்து அழிப்பதற்கென்றே ஒரு வசதி வைத்தார்கள்.

அழித்தபின் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' பகுதியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி வருவீர்கள்.

பேக்கப் தினமும் எடுக்கிறது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கடைசி பேக்கப் போன வருஷம்!

நீங்கள் மட்டும் இல்லை. சாட்ஸ் செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' பகுதியைத் திறந்தால் கடைசி பேக்கப் தேதி தெரியும். இப்போதே ஒருமுறை பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைக்கும். கூகுள் கணக்குக்குப் போகும் பேக்கப் வேறு, அதற்கு நெட் வேண்டும். அங்கேதான் சிக்கல். 'வைஃபை மட்டும்' என்று இருந்தால், வீட்டில் வைஃபை இல்லாதவருக்கு அது ஒருநாளும் போகாது. நம் ஊரில் பாதி வீடுகளில் மொபைல் டேட்டாதானே. 'வைஃபை ஆர் செல்லுலார்' என்று மாற்றுங்கள். டேட்டா செலவாகும் என்று பயந்தால் 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பதை அணைத்து வையுங்கள், மூட்டையின் கனம் பெரும்பாலும் வீடியோதான். இன்னும் பலர் ராத்திரி படுக்கும்போது டேட்டாவை அணைத்துவிட்டுப் படுக்கிறார்கள். அவர்கள் வாரம் ஒருமுறை பகலில் தாங்களே 'பேக் அப்' பட்டனைத் தொட்டுவிடலாம்.

அடுத்தது இடம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். முன்பு வாட்ஸ்அப் பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காமல் இருந்தார்கள், 2024 முதல் சேர்த்துவிட்டார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பேக்கப் பலருக்குச் சத்தமில்லாமல் நின்றது அப்போதுதான். ஐபோனுக்கு ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான், இன்னும் சீக்கிரம் நிறையும்.

மூன்றாவது, எந்தக் கூகுள் கணக்கு? போன் வாங்கிய கடையில் அவசரத்துக்கு ஏதோ ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பேக்கப் அழகாக அங்கே போய்க்கொண்டிருக்கும், போன் தொலைந்தால் எடுக்க வழியிருக்காது. பேக்கப் பக்கத்திலேயே கணக்கின் பெயர் இருக்கும், அது உங்களுடையதுதானா என்று பாருங்கள். பேக்கப்புக்கு 'எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்' என்கிற பூட்டைப் போட்டுப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள். மறந்துவிட்டால் வாட்ஸ்அப் கம்பெனியாலும் திறக்க முடியாது.

புதுப் போனுக்கு மாறுகிறேன். பழைய சாட் எல்லாம் வருமா?

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டு என்றால் அதே நம்பர், அதே கூகுள் கணக்கு, இரண்டும் இருந்தால் வரும். இரண்டு போனும் கையில் இருந்தால் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' கொடுத்து க்யூஆர் காட்டி நேராகவே மாற்றலாம், கூகுள் வேண்டாம்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கூகுள் பேக்கப் உதவாது. ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக, ஐபோனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதே மாற்ற வேண்டும். ஆசையில் ஐபோனை முழுக்கத் தயார் செய்துவிட்டு அப்புறம் வந்தால், அதை ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வேன். பழைய போனை மட்டும், எல்லாம் வந்துவிட்டதா என்று நிதானமாகப் பார்க்காமல் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

மெசேஜ் இருக்கும் இடத்தில் 'வெயிட்டிங் ஃபார் திஸ் மெசேஜ்' என்று வருகிறது.

மெசேஜ்களைப் பூட்டித் திறக்கும் சாவி பொருந்தவில்லை. இரண்டு பேரில் ஒருவர் ஆப்பை மறுபடி ஏற்றியிருந்தால் இப்படி வரும். அனுப்பியவர் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும், இல்லையென்றால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

துபாயில் இருக்கும் மகனுக்கு மெசேஜ் போகிறது, வாட்ஸ்அப் கால் மட்டும் போவதே இல்லை.

உங்கள் போனில் கோளாறு எதுவும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பின் ஆடியோ, வீடியோ அழைப்புகளுக்குத் தடை இருக்கிறது. எழுத்து, போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போகும். அங்கே இருக்கும் நம்மவர்கள் அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்களில்தான் வீட்டுக்குப் பேசுகிறார்கள். நீங்களும் அதையே ஏற்றிக்கொள்ளுங்கள். விபிஎன் போட்டுப் பேசலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், அந்த ஊர்ச் சட்டத்தில் அது வம்பு. மகன் அங்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டு நம்பரை சேவ் செய்தும் வாட்ஸ்அப்பில் பெயர் வரவில்லை.

ப்ளஸ் போட்டு, நாட்டு எண் போட்டு, உள்ளூர் நம்பரின் முதல் 0ஐ எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். இலங்கையில் 077 என்று தொடங்கும் நம்பர் +94 77 ஆகும். மலேசியாவில் 012 என்றால் +60 12. சிங்கப்பூருக்கு +65, அங்கே முதலில் 0 கிடையாது.

என் வாட்ஸ்அப்பிலிருந்து எல்லோருக்கும் பணம் கேட்டு மெசேஜ் போகிறதாம். நான் உள்ளேயே போக முடியவில்லை!

இதற்கு மட்டும் பதறலாம், ஆனால் வரிசையாகப் பதறுங்கள்.

முதலில் உங்கள் போனிலேயே உங்கள் நம்பரைப் போட்டு மறுபடி உள்ளே வரப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணை அடித்த நொடியே திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் டூ ஸ்டெப் பின் (எஸ்எம்எஸ் எண்ணுக்கு மேல் கேட்கும் இரண்டாவது ரகசிய எண்) வைத்துவிட்டுப் போயிருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டிவரலாம், ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. அதுவே பெரிய நிம்மதி. இதற்கிடையில் வீட்டில் மற்றவர்களின் போனிலிருந்து சொந்தக்காரர்களுக்குக் கால் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், இது இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

எப்படிப் போனது என்று கேட்டால், பெரும்பாலும் நாமே கொடுத்ததுதான். தெரிந்தவர் நம்பரிலிருந்தே, "அக்கா, தெரியாமல் உங்கள் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிவிட்டேன், சொல்லுங்களேன்" என்று வரும். அந்த அக்கவுண்ட் ஏற்கெனவே திருடன் கையில் இருக்கும். இன்னொரு வழி, கூரியர் வந்திருக்கிறது, இந்த நம்பரை டயல் செய்யுங்கள் என்று *401* என்று தொடங்கும் ஒன்றைச் சொல்வது. அது உங்கள் அழைப்புகளைத் திருடனுக்குத் திருப்பிவிடும், கால் வழியாக வரும் கோட் அவனுக்குப் போகும். சந்தேகம் இருந்தால் *#21# அடித்துப் பார்த்து, ##002# அடித்து ரத்து செய்யலாம். இப்போது அதிகம் நடப்பது கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வரும் ஏபிகே கோப்பு. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். தொடாதீர்கள்.

இன்னும் மாட்டாதவர்கள் அக்கவுண்ட் பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஒரு பின் வைத்து, ஈமெயிலும் கொடுத்துவிடுங்கள். பிறந்த தேதியை அப்படியே வைக்காதீர்கள்.

என் மெசேஜை வேறு யாரோ படிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறங்கள். உங்கள் போனைத் தவிர நான்கு கருவிகள் வரை சேர்க்கலாம். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அங்கே இருந்தால் அதைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கத் திறந்து, மூடாமல் வந்ததாக இருக்கும். சில சமயம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதை நான் விசாரிப்பதில்லை.

அக்கவுண்டைத் தடை செய்துவிட்டார்கள்.

ஜிபி வாட்ஸ்அப் மாதிரி ஒட்டுவேலை ஆப் போட்டிருந்தீர்களா? அதை எடுத்துவிட்டு பிளே ஸ்டோரில் இருப்பதை ஏற்றுங்கள். தற்காலிகத் தடை என்றால் எவ்வளவு நேரம் என்று ஸ்கிரீனிலேயே ஓடும். நிரந்தரம் என்றால் 'ரிக்வெஸ்ட் ரிவ்யூ' கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். காசு கொடுத்தால் தடையை நீக்கித் தருகிறேன் என்பவன் ஏமாற்றுக்காரன்.

ஆபீஸ் குரூப்பில் போட வேண்டாததைப் போட்டுவிட்டேன்.

அழுத்திப் பிடித்து 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்'. சுமார் இரண்டரை நாள் வரை முடியும். பதற்றத்தில் 'டெலீட் ஃபார் மீ' தொட்டுவிட்டால் கீழே சில வினாடி 'அன்டூ' தெரியும், உடனே தொடுங்கள். எழுத்துப்பிழை மட்டும்தான் என்றால் 15 நிமிஷத்துக்குள் 'எடிட்' செய்யலாம். பார்த்துவிட்டவர்களுக்கு மருந்து இல்லை.

எல்லாம் பார்த்துவிட்டேன், ஆப் திறந்ததும் மூடிக்கொள்கிறது. இப்போதாவது அழிக்கலாமா?

பிளே ஸ்டோரில் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று, போனை ஒருமுறை அணைத்துப் போட்டாயிற்று, 'க்ளியர் கேஷ்' கொடுத்தாயிற்று, போனில் ஒரு ஜிபியாவது காலி இருக்கிறது என்றால், சரி, அழிக்கலாம். ஆப் கொஞ்ச நேரமாவது திறந்தால் முதலில் பேக்கப் எடுங்கள், இன்றைய தேதியும் நேரமும் வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியுமா? சிம் உயிரோடு இருக்கிறதா? டூ ஸ்டெப் பின் ஞாபகம் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் நிறுத்துங்கள்.

மறுபடி ஏற்றி நம்பர் போட்டதும், பேக்கப் கிடைத்திருக்கிறது, 'ரீஸ்டோர்' செய்யவா என்று ஒரே ஒருமுறை கேட்கும். பக்கத்திலேயே 'ஸ்கிப்' இருக்கும். விரல் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கப் இல்லை என்று காட்டினால் மேற்கொண்டு எதையும் தொடாமல், போனில் எந்தக் கூகுள் கணக்கு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் தப்பான கணக்குதான் இருக்கும்.